உன் அப்பா காட்டுகிற கோயில்

அன்பு மகள் ரவ்யாவுக்கு,

நீயும் மருமகனும் குழந்தையும் சுகம்தானே. அல்லாஹ் கிருபையில் நாங்களும் சுகம் என்று எழுத வந்த கை கொஞ்சம் நின்றுவிட்டது, ஆனாலும் இருக்கிறோம். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அது யாரு, அது யாரு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், எதையும் முழுசாகச் சொல்ல விடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். லக்சரில் இன்னும் வெயில் இறங்கவில்லை. முலுகியா கீரை முற்றிப்போய் நார் நாராக வருகிறது. பக்கத்து வீட்டு சபாஹுக்கு மறுபடியும் பெண் குழந்தை, சூப்பு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், உன்னைக் கேட்டாள்.

நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். அப்பாவைக் கெய்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு என்னை ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிடச் சொல்கிறாய். நல்ல மனசோடுதான் சொல்கிறாய், எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்ச நாள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழுத் தூக்கம் தூங்கினால் போதும் என்று இருக்கிறது எனக்கு. காலையில் எழுந்ததும் அந்தப் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் வந்து நிக்குது, குழு காத்துட்டிருக்கு என்று நிற்கிறார். சுற்றுலா வழிகாட்டி வேலையை விட்டு எத்தனை வருஷமாச்சு என்றால், நீ யாரு அதைக் கேக்க என்கிறார். கதவைப் பூட்டினால் கதவோடு சண்டை. போன மாதம் ஒருநாள், ரொட்டி மாவைப் பொங்குவதற்காக வெயிலில் வைக்க நான் மாடி ஏறிய நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டார். தெருவெல்லாம் தேடினேன், கால்வாய்க்கரை வரைக்கும் ஓடினேன், தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்புறம்தான், அந்தக் கால ராஜா கட்டின ஹாபு கோயிலின் வாசல் காவலர் வஹ்பா போன் செய்தார். ஹாஜிம்மா, உஸ்தாத் இங்கதான் இருக்காரு, கொஞ்சம் சீக்கிரம் வாங்க, உள்ள ஒரு தகராறு என்றார்.

போய்ப் பார்த்தால் மர்வா என்று ஒரு சின்னப் பெண், புது வழிகாட்டி, இத்தாலிக்காரர்களைக் கூட்டி வந்திருக்கிறாள். இவர் அவர்கள் பின்னாலேயே போய் இத்தாலிய மொழியிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார், பாதிப் பேர் இவர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அவளுக்கு எப்படி இருக்கும். பெரியவரே, லைசென்ஸ் இருந்தா காட்டுங்க, இல்லேன்னா ஒதுங்குங்க, என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்க என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். இவர் கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தார். அட்டை எங்கே வரும், நான் தினமும் காலையில் கையில் கொடுத்த மாத்திரைகள்தான் வந்துகொண்டிருந்தன. ஒன்றையும் விழுங்கவில்லை மனுஷன். அவை நழுவிக் கீழே உருண்டன. எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை, பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, மன்னிக்கணும்மா, குழுவோட வந்தவங்களா, எந்த ஊரு என்று கேட்டார்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளைப் பார்த்துக் கேட்கிறார். எஸ்னா என்றேன். எஸ்னாவா, என் வீட்டுக்காரியும் எஸ்னாதான், சரியான பிடிவாதக்காரி என்றார். அப்படியா, எப்படிச் சமாளிக்கிறீங்க என்று கேட்டேன். நான் எங்க சமாளிக்கிறேன், அவதான் என்னைச் சமாளிக்கிறா, ஒருநாள் கூட்டிட்டு வந்து இதெல்லாம் காட்டணும்னு பார்க்கிறேன், அடுப்பை விட்டு வர மாட்டேங்கிறா என்றார். சரி, அப்போ எனக்குக் காட்டுங்க என்றேன். மர்வா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து மாத்திரைகளைப் பொறுக்கி என் கையில் வைத்துவிட்டு, நீங்க முன்னால போங்கம்மா, நாங்க அப்புறம் வர்றோம் என்று தன் கூட்டத்தை நிறுத்திக்கொண்டாள்.

சுவரில் செதுக்கியிருக்கிற கடல் சண்டை, எதிரிகளின் வெட்டின கைகளைக் குவித்து எண்ணுகிற இடம், தூணுக்கு மேலே இன்னும் அழியாத நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ராஜா காட்டுக் காளைகளைத் துரத்துகிற சுவரில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். எல்லாரும் ராஜாவைத்தான் படம் எடுக்கிறாங்க, நீங்க அந்தக் காளையைப் பாருங்க, நாணலுக்குள்ள விழுந்துட்டுது, ஆனா நாக்கைத் தொங்கவிட்டு இன்னும் ஓடறதாவே நினைச்சிட்டிருக்கு என்றார். படி வந்தால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சந்தைக்குப் போனால் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷன். வீட்டுக்கு வந்து சண்டையில்லாமல் சாப்பிட்டுத் தூங்கினார்.

அதிலிருந்து நானே கூட்டிப் போகிறேன். வஹ்பா டிக்கெட் கேட்காமல் உள்ளே விடுகிறார். மர்வா பார்த்தால் தன் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் உஸ்தாத் என்று சலாம் சொல்கிறாள். மாத்திரையை இப்போது பொடித்துக் கரும்புப்பாகில் கலந்து கொடுத்துவிடுகிறேன், உள்ளே போகிறது. ஆனால் முந்தாநாள் அந்தக் காளைச் சுவருக்கு முன்னால் நின்றவருக்கு ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெயில் தலையில் இறங்குகிறது. நான்தான் சொன்னேன், நாணலுக்குள்ள விழுந்துட்டுது, ஆனா இன்னும் ஓடறதாவே நினைச்சிட்டிருக்கு என்று. கவனமாகக் கேட்டுவிட்டு, நல்லாச் சொல்றீங்க, நீங்களும் இந்தத் தொழிலா என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் எழுந்து சோறு வைத்தேன்.

அதனால் கெய்ரோ வேண்டாம் கண்ணு. அங்கே அவரை டிவி முன்னால் உட்கார வைப்பார்கள், எதை யாருக்குக் காட்டுவார். எனக்கு முடியவில்லை என்பதும் நிஜம், மறைக்கவில்லை, பகலில் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீ அடுத்த வருஷம் என்று தள்ளாதே, இந்தக் குளிர்காலத்திலேயே குழந்தையோடு வந்துவிடு. காளை போய்விட்டது, மற்ற சுவர்கள் இன்னும் அவரிடம் இருக்கின்றன. உன்னைத் தெரியவில்லை என்றால் அங்கே நின்று அழாதே, அவர் பயந்துபோவார்.

அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும், மருமகனுக்கு வேலையில் பரக்கத் உண்டாகட்டும், குழந்தைக்கு என் முத்தம். வரும்போது மறக்காமல் எனக்கு மெத்தென்று அடி வைத்த ஒரு ஜோடி நடைச் செருப்பு வாங்கி வா, கால் வீங்குகிறது, ஒரு அளவு பெரிதாகவே பார். அப்பாவுக்கு வேண்டாம், அவர் நடப்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

உன் அம்மா,
இன்ஷிராஹ்