எட்டு என்று காட்டிய திரை

மார்ச் 3
அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். “ஏம்பா, ரோட்டுல கிலோமீட்டர், கடல்ல மட்டும் ஏன் வேற கணக்கு?” அவர் அக்காவிடம் திரும்பி, “நீ சொல்லு கேப்டனம்மா” என்றார்.

“கடல்ல மைல்கல் நட முடியுமாடி? அதான் பூமி உருண்டையையே அளவுகோலா வச்சுக்கிட்டாங்க. வரைபடத்துல அட்சரேகை ஒரு நிமிஷம், அதாவது ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு, நகர்ந்தா ஒரு கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் போனா ஒரு நாட்.”

அப்பாவுக்குப் பூரிப்பு. கேள்வி என்னுடையது, பாராட்டு அவளுக்கு.

மார்ச் 5
சனிக்கிழமை அவளுக்குப் படகு உரிமத் தேர்வு. தீவுக்குத் தனியாக, பன்னிரண்டு கடல் மைல். எட்டு நாட் வேகத்தில் ஒன்றரை மணி நேரம். அப்பா தன் தொப்பியையே கொடுத்துவிட்டார். தொட்டுப் பார்க்கப் போனேன். “கையக் கழுவிட்டு வா” என்றார் அப்பா.

மார்ச் 6
செய்துவிட்டேன். படகின் வேகத் திரையில் ஒரே ஒரு பொத்தான். நாட் போய்க் கிலோமீட்டர் வந்தது. மூலையில் எறும்பளவு எழுத்து, அவள் கவனிக்கமாட்டாள். எட்டு என்று காட்டும், ஓடுவதோ நாலு நாட் சொச்சம். தாமதமாகப் போவாள். அவ்வளவுதானே?

அவ்வளவுதானா?

மார்ச் 7
காலை ஒன்பதுக்குக் கிளம்பிப் பத்தரைக்குச் சேர வேண்டியவள் பதினொன்றாகியும் சேரவில்லை. காற்று எழும்பிவிட்டது. அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். வந்துடட்டும், தொப்பியும் அவளுக்கே, அப்பாவும் அவளுக்கே, வந்துடட்டும்—

பதினொன்றேகாலுக்குத் தீவிலிருந்து போன். சேர்ந்துவிட்டாள். பத்தரைக்கும் கரை தென்படாததால்தான் திரையை உற்றுப் பார்த்தாளாம். தேர்வில் தோல்வி.

மார்ச் 8
அப்பா அவளை எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் திட்டினார். “அலகப் பாக்காம எண்ண மட்டும் பாக்குறவ என்ன படகோட்டி?”

“தப்புதாம்பா. என் கை பட்டு மாறியிருக்கும்.”

வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: அந்தத் திட்டின் மேலும் எனக்குப் பொறாமை. என் முகத்தைப் பார்த்து அவர் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

மார்ச் 9
சொல்லிவிட்டேன். அப்பா என்னைத் திட்டவே இல்லை, எழுந்து படகைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா மட்டும், “அலையில ஆடும்போது, பாவம் சின்னது அழுதுட்டிருக்கும்னு நெனச்சேன்டி” என்றாள்.

மார்ச் 28
மறுதேர்வு. பத்து இருபத்தைந்துக்கே சேர்ந்துவிட்டாள். பாஸ்.

காலையில் கயிற்றை எடுத்துக் கொடுக்கப் படகில் கால் வைத்தேன். “வேணாம்டி, நீ கரையிலயே நில்லு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நின்றேன்.