நாம் உத்தி என்று சொன்ன கவிதை

என் அன்பு மச்சான் குணாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷமாகிறது. உன் பெட்டிகள் எல்லாம் புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டு முன்னறையில்தான் இருக்கின்றன. நாம் சைக்ளோஸ்டைல் எடுத்துத் தைத்த சிற்றிதழ்கள், ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் நீ வாங்கிச் சேர்த்த கவிதைத் தாள்கள், எதுவும் வீணாகவில்லை. கரையானைக்கூட விரட்டிவிட்டேன். இப்போது எனக்கிருக்கும் பயம் வேறு.

ஒன்று விடாமல் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினேன். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, உன் முகவரி நோட்டையும் விடவில்லை. அதில் ஒவ்வொரு புனைபெயருக்கு நேராகவும் சொந்தப் பெயரை எழுதி வைத்திருந்தாய். ஆள் வரவுப் பதிவேடு மாதிரி இருந்த அந்தச் செக்ரோல் கவிதையை எழுதியது ஒரு பெண் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெருமை தாங்கவில்லை. இத்தனை நாள் ஆண் பெயரில் ஒளிந்திருந்த கவிஞர் என்று, அவள் சொந்தப் பெயரைப் போட்டு ஒரு பதிவும் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு போன் வந்தது. மெல்லிய குரல், பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"அண்ணே, என் பேர எடுத்துடுங்கண்ணே. வீட்டுக்காரரு எந்நேரமும் போனத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஏம்மா பயப்படுற? நல்ல கவிதை லா அது."

"கவிதை இல்லண்ணே. அந்த மாசம் நடந்தத அப்படியே எழுதினேன்."

அதோடு வைத்துவிட்டாள்.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். தோட்டத்துக் கிராணி ஆள் வரவு குறிக்கிற செக்ரோல் மாதிரியே கட்டம் போட்டிருந்தாள், நாளுக்கு ஒரு கட்டம். சிலவற்றில் ஒரே ஒரு சொல்: முழங்கை, காது, முதுகு. மற்றவை காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. தாள் நம் கைக்கு வந்த அன்று, ஓய்வு நாளை என்னமாய்ப் பகடி செய்திருக்கிறான் பார் என்று நான் சொன்னேன். நீ ஓரத்தில் பென்சிலால் 'புதிய உத்தி' என்று எழுதினாய். ஞாயிறு அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாள், மச்சான். நான் ஆண் எழுதியது என்று நினைத்தேன். உனக்குப் பெயர் தெரியும். தெரிந்துமா அப்படி எழுதினாய்? ஒருவேளை அவளிடம் ஏதாவது கேட்டாயா?

நோட்டையும் பதிவையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார் யாரோ பகிர்ந்துவிட்டார்கள். அவள் நம்பருக்குக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மறுபடி கூப்பிடவும் பயம். போனை அவர் எடுத்தால்? அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் கையால் ஆனது.

உன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. பத்திரிகை கொண்டு வருகிறவர்களை யாரும் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதில்லை. அவள் வீட்டை விசாரித்துவிட்டேன். என் கூடப்பிறந்தவள் மல்லிகா குங்குமத் தட்டோடு உள்ளே அவளிடம் போவாள். நான் முன்னால் அந்த மனிதரோடு உட்கார்ந்து மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பேன், எவ்வளவு நேரமானாலும். "வர்றேன்னு சொன்னா எங்கூடவே கூட்டிட்டு வந்துருவேன், ரூம ஒழிச்சு வச்சிருக்கேன்" என்கிறாள் உன் பெண்டாட்டி. பயந்து கிடப்பது அந்தப் பெண் அல்ல, நான்தான் என்பது போல என்னைப் பார்க்கிறாள்.

அவள் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதத்தை ஓர் இதழுக்கு அனுப்பப் போகிறேன்; இது அச்சில் வரும்போது நாங்கள் போய் வந்திருப்போம்.

கவிதையைப் பற்றி மல்லிகா ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். "உன்னை இன்னும் அடிக்கிறாரா?" என்று கேட்பாள். முப்பது வருஷமாக அந்தத் தாளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த நாம் கேட்காத கேள்வி. பதில் தெரியாமல் அந்த வீட்டைவிட்டு எழுந்து வரமாட்டேன், மச்சான். இது சத்தியம்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
சேகர்