ஏறாமல் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது, என் முழங்கால் மட்டும் அப்படியே. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அதில் ஒருமுறை அம்மாவுக்காக உரக்க. உன் அமைச்சகம் பக்கத்து நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தைச் செய்தியில் பார்த்திருக்கிறோம். படகில் தப்பி வருகிறவர்களை நாம் திருப்பி அனுப்புவது, அந்த நாடு அவர்களை ஏற்றுக்கொள்வது, பதிலுக்கு அந்த நாட்டுக்கு ரோந்துப் படகுகள். இரண்டு பேர் கைகுலுக்கும் படம் வந்தது. போனவர்கள் அங்கே நல்லபடி இருக்கிறார்களா என்று ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை எழுதுவது உன் வேலை என்பது இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. உனக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த அரசு அனுப்பிய புகைப்படங்களை வைத்தே எழுதினார்களாம். நீ அவர்களை வைத்திருக்கும் முகாமுக்கே நேரில் போயிருக்கிறாய். படத்தில் இருந்த புது மெத்தைகள் உறை பிரிக்காமல் ஒரு பூட்டிய அறையில். ஆட்கள் இருக்கும் அறைகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். இடம் போதாமல் முறை வைத்துத் தூங்குகிறார்கள் என்பதை ஒரு பெண் தரையில் படுத்துக் காட்டினாள் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் அம்மா போதும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "மிச்சத்தையும் படிங்க" என்றாள்.

பார்த்ததையெல்லாம் அறிக்கையில் நீ எழுதிய அந்தப் பத்தியை எடுக்காவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, உன் வேலையும் நிலைக்காது, திங்கட்கிழமை பதில் வேண்டும் என்கிறார் உன் மேலதிகாரி. கேள்விப்பட்டதும் சித்தப்பா கிளம்பி வந்துவிட்டார். "ஊர் உலகத்துக்கெல்லாம் இவதான் பொறுப்பா அண்ணே? ஒரு பத்திதானே, எடுத்தா குடியா முழுகிடும்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். எடுத்துவிடு என்றுதான் எழுதினேன். நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறையை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் உன் கடிதத்தின் கடைசி வரிதான் மனதில். "நீங்கள் ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டீர்களே அப்பா, அதனால்தான் போனேன்."

இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பரிசோதிக்கிறேன். அடியிலிருந்து உச்சிவரை நானே போய் வந்த பிறகுதான் உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் கையெழுத்து. போன மாதம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏறவில்லை. மேலாளர் அவசரம் என்றார், புதுக் கம்பிக் கயிறு மாட்டிய படத்தைக் கைபேசியில் காட்டினார். நின்ற இடத்திலேயே போட்டேன். முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லிஃப்டில் போக முழங்கால் எதற்கு?

உறையோடு கிளம்பிய அன்று நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனேன். ஏறிப் பார்க்க வேண்டும் என்றேன். "உங்க கையெழுத்தை நீங்களே நம்ப மாட்டீங்களா சார்?" என்று சிரித்தபடி மேலாளரும் கூட ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது. விளக்கும் போனது. நாற்பது நிமிடம். கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து அவர் தரையில் உட்கார்ந்தார். "நாம உள்ள இருக்கிறது வெளிய யாருக்காவது தெரியுமா சார்?" என்று கேட்டார். சிரிப்பில்லை. நான் வெளிப்பக்கத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போய் வந்து எழுதியிராவிட்டால் அவர்கள் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்?

வெளியே வந்ததும் அட்டையைக் கிழித்தேன், பையிலிருந்த உறையையும். லிஃப்ட் ஓடாது என்று மேலாளரே எழுதி ஒட்டினார். சித்தப்பாவுக்குக் கோபம். வேலை போனால் என்ன செய்வாள் என்றார். அம்மாதான் பதில் சொன்னாள். "வீட்டுக்கு வரட்டும். அவ ரூம் அப்படியேதான் இருக்கு. தாழ்ப்பாள் உள்பக்கம்தான்."

ஒரு வரியையும் எடுக்காதே. உன்னைப் பெற்றதைத் தவிர இதில் என் பங்கு ஒன்றுமில்லை, ஆனாலும் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறேன். ஏறாமல் போட்டதை என் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை உண்டாம். எனக்கும் திங்கட்கிழமைதான்.

எதற்கும் சாப்பிட்டுவிட்டுப் போ. நானும் சாப்பிட்டுவிட்டே போகிறேன். உன் மனமும் உடம்பும் தளராமல் இருக்கட்டும்.

உன்
அப்பா