கூட்டல் குறியைப் போட்டவள்

14 ஜூலை 2025

கல்லூரி முடிந்து, விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஐந்தரைக்கு இணையக் கூட்டம். பாறைக்குள் இருக்கும் நுண்ணிய காந்தத் துகள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுச் சொல்லும் எங்கள் மென்பொருளுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். திருத்தித் திருத்தி, இப்போது எந்த வரி எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அடியிலிருந்து புதிதாக எழுதப்போகிறோம். அதற்கு நிதி கேட்கும் திட்டம் செப்டம்பருக்குள் வேண்டும்.

நார்வேயிலிருந்து ஒருங்கிணைக்கும் இங்கிரிட், பழையது சரியாகத்தான் கணக்குப் போடுகிறதா என்று யார் சோதிப்பது எனக் கேட்டாள். நான் செய்கிறேன் என்றேன்.

நல்லசிவம் சார் சிரித்தார். இந்த மென்பொருளைத் தொடங்கியவர், என் முனைவர் பட்ட வழிகாட்டி. "வாரத்துக்கு இருபது மணி நேரம் கிளாஸ் எடுக்கிறே. உனக்கு எங்கம்மா நேரம்?"

இருக்கிறது சார். என் நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

22 ஜூலை

உருண்டைத் துகளுக்கு விடை சரி. ஆறு தசம இடம் வரை.

24 ஜூலை

நீண்ட துகளுக்கு விடை தப்பு.

கையால் போட்டால் ஒன்று வருகிறது, மென்பொருள் வேறொன்று சொல்கிறது. நான்தான் எங்கோ உளறியிருப்பேன் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கடைசியில் எங்கள் கல்லூரிக் கணினித் துறை சுகிர்தாவிடம் தாளை நீட்டினேன். அவளுக்குப் பாறையும் தெரியாது, காந்தமும் தெரியாது, கணக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உங்க கணக்கு சரிதான்க்கா. புரோகிராம்ல ஒரு எடத்துல கழிக்கிறதுக்குப் பதிலா கூட்டியிருக்கு" என்றாள்.

உருண்டையில் அந்தப் பகுதி பூஜ்யமாகிவிடும். அதனால்தான் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

25 ஜூலை

அந்த வரியை எழுதியது யார் என்று பழைய பதிவுகளில் தேடினேன். 9 மார்ச் 2018. செ. பொன்மணி.

நான்.

26 ஜூலை

சனிக்கிழமை. எங்கும் போகவில்லை.

அந்த வரியின் மேல்தான் என் ஆய்வேடே நிற்கிறது. ஒருவகை எரிமலைப் பாறையின் நீண்ட துகள், தான் உருவான நாளின் காந்தத் திசையை முந்நூறு கோடி ஆண்டு அழியாமல் வைத்திருக்கும் என்று கட்டுரை எழுதினேன். முப்பத்தொரு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இன்று குறியை மாற்றி ஓட்டினேன்.

நான்காயிரம் ஆண்டு.

ஏன்டி பொன்மணி, இன்னொரு வடிவத்துக்கும் போட்டுப் பாத்திருக்கக் கூடாதா? உருண்டையோட நிப்பாட்டிட்டு எந்திரிச்சுப் போயிருக்கே. அம்புட்டு அவசரம் என்ன ஒனக்கு?

28 ஜூலை

சாருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வேற யாருக்குத் தெரியும்?"

தப்பா சரியா என்றுகூடக் கேட்கவில்லை.

"புதுசா எழுதுறப்ப அது தானா சரியாயிரும். திட்டத்துல இத எழுதாதே. ஏழு வருசமா தப்பா ஓடுச்சுன்னு தெரிஞ்சா எவன் நிதி குடுப்பான்? அந்தக் கட்டுரையில ரெண்டாவது பேரு என் பேரு. ஞாபகம் வச்சுக்கோ."

"ஞாபகம் இருக்கு சார். முதப் பேரு என் பேரு" என்றேன்.

29 ஜூலை

அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அம்மா வந்ததும் கையிலிருந்த வெள்ளி நிற வெடிமருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"பட்டத்தப் பிடுங்கிருவாகளா?"

"மாட்டாகன்னுதான் நெனைக்கேன்."

"வேலை?"

"அது இருக்கும்."

"பெறகு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சாப்பிட வா."

அம்மாவுக்கு அவ்வளவுதான். எனக்கு? வெட்கமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். திட்டத்தில் எழுதத்தான் போகிறேன்.

11 ஆகஸ்ட்

திட்டத்தில் என் பகுதியை முடித்தேன். முதல் பத்தி இது: "2018 மார்ச் முதல் இந்த மென்பொருளில் ஒரு பிழை இருக்கிறது. அதை எழுதியவள் நான். நீண்ட துகள்களுக்குக் கணக்கிட்ட எல்லோரும் தங்கள் முடிவுகளை மறுபடி பார்க்க வேண்டும்."

அடுத்த பத்தி: விடை முன்பே தெரிந்த கணக்குகளோடு ஒத்துவராத எந்த வரியும், எழுதியவர் யாராக இருந்தாலும், புதிய பதிப்பில் சேராது.

எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கட்டுரை வந்த ஆய்விதழுக்கும் ஒரு கடிதம். சாருக்கு நகல்.

12 ஆகஸ்ட்

திட்டத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் சார். எனக்குத் தனியாகக் குரல்செய்தி: "பாடம் மட்டும் நடத்துற காலேஜ்ல உக்காந்துக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றியா?"

ஆமா. பாடம் நடத்துற காலேஜ்தான். எட்டுக் கம்ப்யூட்டர், அதுல மூணு ஓடாது. அங்கன உக்காந்துதான் கண்டுபிடிச்சேன். அம்புட்டு வசதியோட நீங்க ஏன் கண்டுபிடிக்கல?

— இதை அவருக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம்.

4 செப்டம்பர்

கூட்டம். சார் வரவில்லை. பிழையைப் பற்றிக் கடைசியில் பின்னிணைப்பாகப் போடலாமே என்றார் ஒருவர். முடியாது, முதல் பக்கம் என்றேன். அப்படியானால் திட்டமே விழுந்துவிடலாம் என்றார். விழட்டும், மறைத்துக் கட்டினால் பிறகு விழும் என்றேன்.

இங்கிரிட்டின் மாணவன் ஆறு மாதமாகச் செய்ததெல்லாம் நீண்ட துகள்கள்தானாம். எல்லாம் வீண். "உன் மேல் எனக்குக் கோபம், பொன்மணி. முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்றாள்.

அந்தக் கோபம் நியாயமானது. வாங்கிக்கொண்டேன்.

30 செப்டம்பர்

நிதிக்குழுவுக்குத் திட்டம் போய்விட்டது. முதல் பக்கத்தோடு.

13 அக்டோபர்

ஆய்விதழில் திருத்தம் வெளியானது. சார் கடைசிவரை பதில் போடாததால் என் பெயரில் மட்டும். துறைத்தலைவர், "இதெல்லாம் காலேஜுக்கு நல்லதாம்மா?" என்று கேட்டார். தப்பான கட்டுரை அதைவிடக் கெட்டது சார் என்றேன். எழுந்து போய்விட்டார்.

19 நவம்பர்

நிதி கிடைத்துவிட்டது. கேட்டதில் பாதி. தேர்வுக் குழுவின் குறிப்பில், முதல் பக்கத்தைப் படித்த பிறகுதான் மற்றப் பக்கங்களை நம்பினோம் என்று ஒரு வரி. சோதனைப் பகுதிக்கு நான் பொறுப்பு.

சுகிர்தாவுக்கு மிட்டாய்க் கடையிலிருந்து பால்பன் வாங்கிக் கொடுத்தேன்.

27 நவம்பர்

நல்லசிவம் சாரிடமிருந்து மின்னஞ்சல். மூன்று மாதத்துக்குப் பிறகு. நலமா என்றுகூட இல்லை. ஒரு பட்டியல் மட்டும். ஆரம்ப வருடங்களில் அவர் எழுதிய பதினோரு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் வரி எண். கீழே: "இவற்றில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. பார்த்துச் சொல்."

முதலாவதைக் காலையிலேயே ஓட்டினேன். சரியாக இருக்கிறது. அவருக்கு எழுதிவிட்டேன்.

இன்னும் பத்து.