உப்பு வட்டத்தில் மூன்று பேர்

பாளையம்பட்டிக் கடையில் இன்று கல் உப்பு வாங்கினேன். பொட்டலம் ஓரத்தில் கிழிந்திருந்தது போல. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் தெரு நெடுக வெள்ளையாக ஒரு கோடு. உன் ஞாபகம் வந்தது. உப்பால் கோடு போட்டு என்னை நிறுத்தியவன் நீ ஒருவன்தான்.

பல வருடம் இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, திருச்சுழிப் பக்கம் உன் மானாவாரிக் காட்டுக்குத் திரும்பியபோது ஒரு மதத்தையும் கொண்டுவந்தாய். விக்கா என்றாய். கிறிஸ்தவத்துக்கு முன் அந்த நாடுகளில் இருந்த சாமிகளை இந்தக் காலத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்தமட்டில் திரும்பக் கும்பிடுவது. தரையில் ஒரு வட்டம், நான்கு திசைகளுக்கும் அழைப்பு, கைமாறும் ஒரு கிண்ணம். “நம்மூர்ல இல்லாத முளைப்பாரியா? இதுக்கு எதுக்குலே சீமைக்குப் போன?” என்று உன் சித்தப்பா கேட்டார்.

எனக்குச் சடங்கு ஆகாது. குலசாமி கோயிலில் அப்பாவுக்குக் கட்டிய பரிவட்டம் அவருக்குப் பின் எனக்கு வந்திருக்க வேண்டும். பெரியப்பா மகன் முந்திக்கொண்டு பூசாரியிடம் தலையை நீட்டினார். பங்காளிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றோடு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. அவரோடு பேச்சும் இல்லை.

ஒரு பௌர்ணமிச் சாயங்காலம், வடக்கே நிற்க ஆள் இல்லை என்று கூப்பிட்டாய். வந்து நின்றேன். அதன் பிறகுதான் தெற்கே பெரியப்பா மகன் வந்து நின்றார். நீ உடனே உப்பை இழுத்து வட்டத்தை மூடினாய்.

“நான் போறேன்.”

“வட்டம் போட்டாச்சுலே. நான் வாசல் திறந்துவிடாம யாரும் போகக்கூடாது.”

“எனக்கு இதுல நம்பிக்கை இல்ல.”

“நம்பச் சொன்னேனா? நில்லுன்னுதான சொன்னேன்.”

உப்பைத் தாண்ட ஓர் எட்டு போதும். ஏன் தாண்டவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

கிண்ணத்துக்குப் பதில் செம்பில் பானகம். குடித்தவன் அடுத்தவனுக்கு, ‘தாகம் தெரியாம இரு’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மழை விடாத நாட்டில் அது வெறும் உபசாரமாக இருக்கலாம். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் அதைச் சும்மா சொல்ல முடியாது. நீ குடித்துவிட்டு அவருக்குக் கொடுத்தாய். அவர் குடித்துவிட்டுத் தயங்கினார்.

“இவனுக்கா?”

“எங்கிட்ட என்னண்ணே கேக்குறீக? பக்கத்துல நிக்கிறது யாருன்னு பாருங்க.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். “தாகம் தெரியாம இருப்பா.” வாங்கிக் குடித்தேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது.

திரும்பும் வழியில் உன்னைத் திட்டினேன். சர்க்கஸ் என்றேன். நீ சொன்னாய்: “மனசு சரியான பெறகு சடங்கு எதுக்குலே? ஆகாம இருக்கும்போதுதான் அது வேணும்.”

அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வருவதைச் சொல்லாமல் கூட்டிவந்து நிறுத்தினாய் என்ற கோபம், நீ போய்ச் சேர்ந்ததால் குறைந்துவிடவும் இல்லை.

உன்னை ஊர் வழக்கப்படி நீர்மாலை எடுத்து, குடம் உடைத்து எரித்தார்கள். திசைகளை யாரும் கூப்பிடவில்லை. நல்ல வெயில். வேலிக்கருவை நிழலில் நின்றிருந்தேன். பெரியப்பா மகன் தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். வாங்கிக் குடித்தேன். கொள்ளி வைத்துவிட்டு வந்த உன் தம்பிக்கு அதைக் கொடுத்தபோது நானும் சொல்லிவிட்டேன்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. குடி.”

பரிவட்டம் இன்னும் அவர் தலையில்தான். எங்களுக்குள் பேச்சில்லை, இனியும் இருக்காது. ஆனால் யார் கையில் தண்ணீர் கொடுத்தாலும் அந்தச் சொல் என் வாய்வரை வந்துவிடுகிறது. வாங்குகிற கை அவருடையதாக இருந்தாலும் வரும்.