அம்மா கேட்ட சூட்டுக் கேள்வி

17 ஜூன் 2012, ஞாயிறு. கெடார்.

இன்று எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக வீட்டில் 'கரண்டு சம்பந்தமான படிப்பு' என்றே சொல்லி வைத்திருந்தேன். அணு உலைப் பொறியியல் என்று தெரிந்தால் அம்மா என்னைச் சென்னைக்குத் திரும்ப அனுப்பமாட்டாள் என்று பயம். மத்தியானம் தங்கை ஸ்டெல்லா என் புத்தகத்தின் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டாள்.

"அணுவா? டிவியில காட்டுறானே, அதுவா? ஒடம்புக்கு ஆவாதுன்றாங்களேடி!" என்றாள் அம்மா.

"அணு ஒடைஞ்சா சூடு வரும்மா. அந்தச் சூட்டுல தண்ணி கொதிக்கும். ஆவி சக்கரத்த சுத்தும். கரண்டு வரும். அவ்ளோதான்."

அம்மா விழுப்புரம் அரிசி ஆலையில் பதினைந்து வருடமாக நெல் அவிக்கிறவள். அந்த அனுபவத்தில் கேட்டாள்.

"நிறுத்திட்டா சூடு ஒடனே அடங்கிடுமா? எங்க பாய்லர்ல தீய வெளிய இழுத்துட்டாகூட ஜல்தியா எறங்காது. தண்ணி கொறையாம பாத்துக்கினே இருக்கணும்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். உலையை நிறுத்திய பிறகும் மிஞ்சுகிற சூட்டை எப்படித் தணிப்பது என்பதுதான் என் ஆய்வே. அதைச் சொன்னேன்.

"இதுக்கா ரெண்டு வருஷம் படிக்கிற?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமாதான் இருக்குது. தண்ணிய ஒழுங்கா பாத்துக்கோ. போ."

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "எம்பொண்ணும் பாய்லருக்குத்தான் படிக்குது. ஆனா எங்களுதவிட ரொம்பப் பெருசு!"

காலையில் ஐந்தரைக்குப் பஸ். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது, சிரிப்பாக வருகிறது.