ரோடு ரோலருக்கு என்ன சீர் வைப்பது

திண்டுக்கல்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு அம்மா அய்யம்மாள் எழுதுவது. சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் செழியனும் சம்பந்தி அம்மாவும் நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் மே மாதம் பிடித்த முட்டி வலி இன்னும் விடவில்லை, மற்றபடி கடையும் வீடும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா, இதுவரைதான் அம்மா. அவள் இரண்டு கையிலும் முறுக்கு மாவு, ஆகவே சொல்வது அம்மா, எழுதுவது உன் தம்பி மணிமாறன். எழுத்துப் பிழை இருந்தால் என்னுடையது, கருத்துப் பிழை இருந்தால் அவளுடையது. போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். உன் வீட்டில் போன் என்றால் எப்போதும் ஸ்பீக்கர்தான். நாங்கள் பேசுவதை முதலில் கேட்பது உன் மாமியார், அடுத்தது செழியன், மிச்சம் இருந்தால் நீ. காதுகுத்துக்கு அவனுக்கு என்ன சீர் வைப்பது என்பதை அவன் காதிலேயே போட முடியுமா, உன் மாமியார் காதில்தான் போட முடியுமா. அதனால்தான் முறுக்கு டின்னுக்குள் கடிதம் வருகிறது. டின்னை முதலில் திறப்பது நீயாக இருக்க வேண்டும் என்று அம்மா குலசாமியிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் சேவுகம்பட்டிப் பக்கம் மச்சான் வீட்டுக் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் நான். பதினாறு வயதுப் பையனுக்கும் மடி என்று ஒன்று இருப்பதைச் சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மடியில் செழியன் உட்கார வேண்டும், கருப்புசாமி அண்ணன் மொட்டை போட வேண்டும், பிறகு ஆசாரி காது குத்த வேண்டும். கருப்புசாமி அண்ணன் வந்துவிடுவார், ஆசாரி வந்துவிடுவார், என் மடியும் எப்படியும் என்னோடு வந்துவிடும். அவன் உட்காருவதுதான் சந்தேகம். சாப்பிடும்போது ஓடுகிறவன், தூங்கும்போது சுற்றுகிறவன், கத்தி பக்கத்தில் வரும்போது மட்டும் சிலையாக இருப்பானா என்று அம்மா நாளுக்குப் பத்து முறை கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் என்னைத்தான் முறைக்கிறாள், ஆட்டப்போவது நான் என்பதுபோல.

அதனால் அவன் கையில் பிடித்த சாமானாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் உட்காருவான் என்று எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள். பிடித்த சாமான் எது என்பதுதான் சிக்கல். மே மாத லீவுக்கு நீங்கள் வந்தபோது நடந்ததை நினைத்துப் பார். அப்பா ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு, "வண்டி தூங்குது, யாரும் சத்தம் போடாதீங்க" என்று துண்டால் போர்த்தினான். லீவு முடியும்வரை அது எழுந்திருக்கவில்லை. அம்மா வாங்கிய பேசுகிற கிளியை, சொன்னதையே திருப்பிச் சொல்கிறது என்று திட்டினான். அதே குற்றத்துக்கு அம்மா தினமும் அப்பாவைத் திட்டுவதால் எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நான் அடுக்குக் கட்டை வாங்கிக் கொடுத்தேன். "நீ அடுக்கு மாமா, எனக்கு வேலை இருக்கு" என்று போய்விட்டான். நான் அடுக்கிக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அவனுக்கு என்ன வேலை என்பது அந்த வாரம் நம் தெருவில் ரோடு போட வந்தபோது தெரிந்தது. ரோலர் வந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை வாசற்படியை விட்டு அசையவில்லை. அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து அவனே ரோலர். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை உருண்டான், நடுவில் படுத்திருப்பவர்கள் எல்லாம் மேடு. ஊருக்கே பாத்திரமும் தாம்பாளமும் வாடகைக்கு விடுகிற நம் அப்பா ஒச்சப்பன், கடையில் ஆட்களை அதட்டுகிற ஒச்சப்பன், வாசலில் காலைக் குறுக்கே நீட்டி டோல்கேட்டாக உட்கார்ந்திருந்தார். ரோலர் வந்தால் காலைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். முட்டி எப்படி வலித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, மூட்டை தூக்கினேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

போன மாதம் போனில் நீ சொன்னது, "பொம்மை எதுவும் வாங்கிராதீங்கம்மா, தொடவே மாட்டான், அவன் விளையாடுற மாதிரி ஏதாச்சும் பாருங்க." பின்னாலிருந்து உன் மாமியார் சொன்னது, "தாய்மாமன் சீருன்னா சபையில நாலு பேரு பார்க்கிற மாதிரி இருக்கணும்ல." இரண்டும் நியாயம்தான், இரண்டும் ஒரே தட்டில் உட்காராது என்பது மட்டுமே குறை. அப்பாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் போகிற சீரில் பாதிக்குமேல் அவர் கடைத் தாம்பாளத்தில்தான் போகிறது. யார் வீட்டுச் சீரில் எது குறைந்தது என்று இத்தனை வருஷமும் அவர் சொல்லி எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இப்போது அவர் வைக்கப்போவதைப் பார்க்க அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

ஆகவே பொம்மைக் கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரப் பையன் ஒரு டப்பாவைக் காட்டி, இது மூளையை வளர்க்கும் என்றான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பெரிய பிள்ளைகளுக்கும் வேலை செய்யுமா என்று கேட்டார். பிறகு ஒரு பேட்டரி ஜீப். சிவப்பு நிறம், பாட்டுப் பாடுகிறது, லைட் எரிகிறது, தட்டில் வைக்க முடியாது, தனியாக ஒரு ஆள் தூக்கிவர வேண்டும். அப்பாவுக்கு அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது. "பையன் சும்மா உக்காந்தாப் போதும்க்கா, அதுவே போகும்" என்று அம்மாவிடம் கடைக்காரன் சொன்னான். "அதுவே போகும்னா இவன் எதுக்குப்பா?" என்றாள் அம்மா. அவன் ஜீப்பை இன்னும் ஒரு பாட்டுப் பாடவைத்தான், அப்பா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைக் கலக்கிவிட்டது. போன வாரம் ஒரு காதுகுத்துக்கு அப்பா பாத்திரம் ஏற்றிப் போனார், நானும் கூடப் போனேன். அங்கேயும் சீர்வரிசையில் ஒரு ஜீப், இதே சிவப்பு, இதே பாட்டு. ஜீப் பாடியது, பிள்ளை அலறியது. மடியில் வைத்திருந்த தாய்மாமன் ஜிம்முக்குப் போகிற ஆள், அவர் மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. நாலு பேர் தலையையும் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். அப்படியும் உச்சியில் கத்தி லேசாகப் பட்டு ஒரு சொட்டு ரத்தம். கருப்புசாமி அண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம், "அண்ணே, ஒங்க பேரன் எப்படி, செத்த நேரமாச்சும் ஒக்காருவானா?" என்று கேட்டார். அப்பா அண்டாவை எண்ணப் போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கும் அன்றைக்கு வேடிக்கை பேச வரவில்லை. அந்தத் தலை செழியன் தலையாகவும் அந்த மடி என் மடியாகவும்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீடியோவில் அவன் வந்தான், நீ அடுப்படியில் இருந்தாய். மொட்டை போட்டால் முடி எங்கே போகும் என்று கேட்டான். பழைய ரோட்டை முதலில் பேர்த்து எடுப்பார்கள் இல்லையா, அதுமாதிரி என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் தார் ஊற்றுவாங்களா என்றான். தலையில் தார் கிடையாது, சந்தனம், கையால் நன்றாக மெழுகுவார்கள், குளுகுளு என்று இருக்கும் என்றேன். ரோலர் யார் என்றான். மாமாவின் கை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரோடு காயிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது மாமா. சிவப்புக் கொடி வேணும், அந்த மினுக்குற சட்டையும் வேணும்" என்றான். நம் தெருவில் வேலை பார்த்தவர்கள் போட்டிருந்தார்களே, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும் பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டை, அதுதான். இதைப் பேசி முடிக்கும்வரை அவன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், இன்னும் தடம் இருக்கிறது.

ஜீப் வேண்டாம், முதல் தட்டில் அந்தச் சட்டையையும் கொடியையும் வைப்போம் என்று அப்பாவிடம் சொன்னேன். வீடு அதிர்ந்தது. "ஊருக்கே தட்டு வாடகைக்குக் குடுக்குறவன்டா நானு. என் பேரன் சீர்த்தட்டுல ரோட்டு வேலைச் சட்டையா? நாளைக்கு எவனாச்சும் என்கிட்டத் தாம்பாளம் வாங்க வருவானா?" என்றார். அம்மா விடவில்லை. "அந்த ரோட்டு மேலதானே ஒங்க தாம்பாளம் அம்புட்டும் போயிட்டு வருது. அப்ப மட்டும் இனிச்சுச்சா?" என்றாள். அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் முட்டி பிடித்துக்கொண்டது, திரும்ப உட்கார்ந்தார், உட்கார்ந்ததால் சாப்பிட்டார். ரெண்டு நாள் வீட்டில் ரசம் கொதிக்கிற சத்தம்தான்.

நேற்று மத்தியானம் கடையிலிருந்து ஒரு பையோடு வந்தார். ஜீப்புக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்று கடைக்காரன் சொல்லிவிட்டதால் அந்தக் காசுக்கு ஒரு பெரிய பந்து வாங்கிவந்திருந்தார், அதைத் தெருப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். பையில் இன்னும் ஒரு பொட்டலம். பிரித்தால் ஆரஞ்சுச் சட்டை. தையல்காரி நாகஜோதி அக்கா செழியனின் பழைய சட்டையை அளவு வைத்துத் தைத்தது, மின்னும் பட்டை முன்னாலும் பின்னாலும், ஓரத்தில் பட்டுக்கரை. சபையில் வைக்கிற சாமான் ஆயிற்றே என்று கரை அப்பா கேட்டு வைத்ததாம். அவரைப் பாராட்டி ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பொட்டலத்திலிருந்து இன்னொன்றை எடுத்து உதறினார். அதே ஆரஞ்சு, அதே பட்டை, அதே கரை, ஆனால் பெரிய அளவு. "ரோடு போடுற எடத்துல ஒருத்தன் மட்டும் சட்டை போட்டுருந்தா நல்லாவாடா இருக்கும்? முன்னாடி தட்டைத் தூக்கிட்டு வாரவன் தாய்மாமன். பட்டுச் சட்டைக்கு மேல இதை மாட்டிக்கிட்டு வா" என்றார். அம்மா மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள், இப்போது எழுதும்போதும் சிரிக்கிறாள், முறுக்கு கோணலாக வந்தால் காரணம் அதுதான். நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன் அக்கா, ஆனால் அளவெடுத்துத் தைத்து யாரையும் ஏமாற்றியதில்லை. மேளம் முன்னால் போக, என் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க, கோயில் வாசலில் நான் மின்னப்போகிறேன்.

இனி அம்மா சொல்வது. பட்டு வேட்டி, தங்கக் கடுக்கன், பழம், பலகாரம் எல்லாத் தட்டும் குறைவில்லாமல் வரும், சம்பந்தி அம்மாவிடம் அதை மட்டும் சொல், முதல் தட்டைப் பற்றிக் கேட்டால் மாவு காய்கிறது என்று அடுப்படிக்குப் போய்விடு. அதுவரை பிள்ளைக்கு முடி வெட்டாதே. ரயிலில் ஜன்னல் பக்கம் விடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நோய் நொடி அண்டாமல் குலசாமி கூடவே வரட்டும். நான் சொல்வது, இந்த ஒரு மாதத்துக்கு அவனுக்குக் கப்பல், யானை, ராக்கெட் எதையும் காட்டாதே. அவன் மனசு மாறினால் அப்பா என்னை என்னவாக ஆக்குவார் என்று சொல்ல முடியாது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அய்யம்மாள், அப்பா ஒச்சப்பன்
கைப்பட எழுதியவன்: தாய்மாமன் மணிமாறன்

பானு, இது அப்பா. போட்டோகிராபரிடம் சொல்லிவிட்டேன். தாய்மாமனை மட்டும் தனியாக நிற்கவைத்து ஒரு பெரிய படம் எடுக்கிறார். கடையில் மாட்டுவதற்கு.